மடை இல்லாத குளம்

கோடைக்காலத்தில் வால்டன் குளத்தில் வந்து சேரும் பாஸ்பரஸில், அதாவது பாசியை வளர்க்கும் சத்தில், பாதிக்கு மேல் அங்கே நீந்துகிறவர்களிடமிருந்து வந்திருக்கலாம் என்று ஒரு வரி, அமெரிக்கப் புவியியல் ஆய்வகம் 2001இல் வெளியிட்ட அறிக்கையில் இருக்கிறது. நாகரிகமாகச் சொல்லியிருக்கிறார்கள். நாகரிகத்தை விட்டுச் சொன்னால், ஆட்கள் தண்ணீருக்குள் நின்றபடியே சிறுநீர் கழித்துவிடுகிறார்கள். ஜான் கோல்மன், பால் ஃப்ரீஸ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் குளத்துக்கு எங்கிருந்து என்ன வருகிறது என்று வரவு செலவுக் கணக்குப் போட்டிருக்கிறார்கள். மழை, காற்றில் வந்து படியும் தூசி, நிலத்தடி நீர், கழிப்பறைக் கழிவுநீரின் கசிவு என்று நீளும் பட்டியலில் நீந்துபவர்களுக்கும் ஓர் இடம் கொடுத்திருக்கிறார்கள். கோடை வந்தால் அந்தக் குளத்திலேயே விழுந்து கிடப்பவன் என்ற முறையில், அந்தக் கணக்கில் நானும் ஒரு துளி.

அறிக்கை வந்து வெகுகாலம் ஆகிவிட்டது. என் கண்ணில் பட்டது மிகவும் பிந்தித்தான். படித்ததிலிருந்து கரையில் உட்கார்ந்து ஆட்களைப் பார்க்கும் பார்வையே மாறிவிட்டது. இடுப்பளவுத் தண்ணீரில் அசையாமல் நின்று எதிர்க்கரை மரங்களை ரசித்துக்கொண்டிருக்கும் மனிதரைப் பார்த்தால் சந்தேகம் வருகிறது. காலையிலிருந்து மாலைவரை தண்ணீரை விட்டு ஏறாத பிள்ளைகள், நடுவே ஒருமுறைகூட மேட்டிலுள்ள கழிப்பறைப் பக்கம் போனதாகத் தெரிவதில்லை. கேட்கவா முடியும்?

மாசசூசெட்ஸில் பாஸ்டனுக்கு மேற்கே குடியிருக்கும் தமிழர்களுக்கு வால்டனைப் பற்றி நான் அறிமுகம் சொல்ல வேண்டியதில்லை. ஊரிலிருந்து அப்பா, அம்மா, மாமனார், மாமியார் யார் வந்தாலும் நயாகராவுக்கு முன்னால் கூட்டிப்போகும் இடம் அது. அமெரிக்க எழுத்தாளர் ஹென்றி டேவிட் தோரோ 1845 ஜூலை 4 முதல் 1847 செப்டம்பர் 6 வரை குடில் போட்டு வாழ்ந்து, பிறகு ‘வால்டன்’ என்ற புத்தகமாக எழுதிய கரை. காந்தி படித்த தோரோ என்று சொன்னால் பெரியவர்கள் செருப்பைக் கழற்றத் தயாராகிவிடுவார்கள். ஆனால் ஜூலை மாதத்து ஞாயிற்றுக்கிழமை அங்கே போனால் தெரிவது தோரோ இல்லை. ஐஸ்பெட்டி, மடக்கு நாற்காலி, சன்ஸ்கிரீன் வாசனை, ஸ்பானிய மொழியிலும் போர்த்துகீசியத்திலும் தெலுங்கிலும் தமிழிலும் பிள்ளைகளை அதட்டும் தாய்மார்கள், உயரமான நாற்காலியில் விசிலோடு உயிர்காப்பாளர்கள். விடியற்காலையில் வேறொரு கூட்டம்: ஆரஞ்சு நிற மிதவையை இடுப்பில் கட்டிக்கொண்டு குளத்தின் நீளத்தை ஒரே மூச்சில் நீந்திக் கடப்பவர்கள். மூன்றாவது கூட்டம், குடில் இருந்த இடத்தில் கல் வைத்துவிட்டுப் போக வரும் வாசகர்கள். இந்த மூன்று கூட்டமும் ஒன்றையொன்று ஏறெடுத்துப் பார்ப்பதில்லை. மூன்றாவது கூட்டத்தில் சிலருக்கு முதல் கூட்டத்தைக் கண்டாலே ஆகாது. எங்கள் நண்பர் குழுவிலும் அப்படி ஒருவர் உண்டு. இப்படிப்பட்ட இடத்தில் குளிக்க விடுவதே அநியாயம் என்பார். தோரோ தினமும் விடிந்ததும் எழுந்து அதே குளத்தில் குளித்தவர், அதை ஒரு வழிபாடு போலவே எண்ணியவர் என்று நினைவூட்டினால், அது வேறு என்பார். எப்படி வேறு என்பதை மட்டும் சொல்ல மாட்டார்.

அவரோடு வாதாடும்போதெல்லாம் நான் குளிப்பவர்கள் பக்கம். அறிக்கையைப் படித்த பிறகும் அந்தப் பக்கம்தான். ஆனால் முன்பிருந்த நிம்மதி இல்லை. இந்த நிலையில்தான் என் மாமனார் வந்து சேர்ந்தார்.

வரத்துக்கால் எங்கே?

மாமா சிவகங்கைப் பக்கத்துக்காரர். பொதுப்பணித்துறையில் உதவிப் பொறியாளராக இருந்து, பணிக்காலம் முழுக்கக் கண்மாய்க் கரைகளிலேயே நடந்து ஓய்வு பெற்றவர். தண்ணீரைப் பார்த்தால் அவர் அழகைப் பார்ப்பதில்லை, கரையைப் பார்ப்பார். எங்கே அரித்திருக்கிறது, எங்கே கருவேலம் வேர்விட்டிருக்கிறது, உபரித் தண்ணீர் வழியும் கலுங்கில் கல் பெயர்ந்திருக்கிறதா என்று கண் தானாகப் போகும்.

முதல் தடவை அவரை அழைத்துப்போனபோது உள்ளேயே விடவில்லை. ஞாயிறு, பகல் பதினொன்று, நல்ல வெயில். சாலையிலேயே பலகை வைத்துத் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தார்கள். குளம் நிரம்பிவிட்டது, இன்னும் சில மணி நேரம் கழித்து வாருங்கள் என்றார் வாசலில் நின்ற பெண். பின்னிருக்கையில் பிள்ளைகள் முனகினார்கள். என் மனைவிக்கு முகம் விழுந்துவிட்டது. மாமா மட்டும் மலர்ந்துவிட்டார். "எத்தனை பேர் என்று கணக்கு வைத்திருக்கிறார்களா, மாப்பிள்ளை?" என்று கேட்டார். ஒரே நேரத்தில் 1,000 பேருக்கு மேல் விடுவதில்லை என்றேன். "பரவாயில்லையே" என்றார். அவர் வாயிலிருந்து அந்தச் சொல் வருவது அபூர்வம்.

அடுத்தமுறை வாரநாளில் போனோம். பிள்ளைகள் தண்ணீரில் குதித்தார்கள். மாமா மணலில் சற்று நேரம் நின்றுவிட்டு, ஒரு சுற்றுப் போய்வருகிறேன் என்று கிளம்பினார். தனியாக விட மனமில்லாமல் நானும் சேர்ந்துகொண்டேன். கரையைச் சுற்றிவரும் பாதை 1.7 மைல். இரு பக்கமும் கம்பிக் கட்டி, ஆட்கள் சரிவில் இறங்காதபடி தடுத்திருப்பார்கள்; அரித்துப்போன சரிவுகளில் புதர்ச்செடி நட்டு மண்ணைப் பிடித்து வைத்திருப்பார்கள். மாமாவுக்கு அந்த வேலை பிடித்திருந்தது. குனிந்து பார்த்துத் தலையாட்டினார். ஆனால் போகப்போக அவர் நடை தயங்கியது. நின்று நின்று பார்த்தார். வடகிழக்கு மூலையில் ஒருமுறை, குடில் இருந்த குடாவுக்குப் பக்கத்தில் ஒருமுறை, ரயில் பாதை குளத்தை ஒட்டிப் போகும் மேற்குக் கரையில் ஒருமுறை. முக்கால்வாசிச் சுற்று முடிந்ததும் கேட்டார்:

"வரத்துக்கால் எங்கே?"

இல்லை என்றேன்.

"கலுங்கு?"

அதுவும் இல்லை.

"மடை?"

இல்லை, மாமா.

அவர் நின்றுவிட்டார். ஓடையும் வந்து விழவில்லை, தண்ணீர் வெளியேற வழியும் இல்லை, பிறகு எப்படி இது நிற்கிறது என்று கேட்டார். எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். பத்தாயிரம் ஆண்டுகளுக்கும் வெகு முன்னால் இந்தப் பிரதேசம் முழுவதையும் மூடிக்கிடந்த பனிப்பாறைப் படலம் உருகிப் பின்வாங்கியபோது, பெரிய பனிக்கட்டி ஒன்று உடைந்து இங்கேயே தங்கிவிட்டது. உருகிய நீர் கொண்டுவந்த மணலும் சரளையும் அதைச் சுற்றிலும் குவிந்தன. பிறகு அந்தக் கட்டியும் உருகியது. அது இருந்த இடம் பள்ளமாக நின்றது. சுற்றிலும் மணலும் சரளையும் என்பதால் நிலத்தடி நீர் தடையில்லாமல் பள்ளத்துக்குள் வந்துவிட்டது. இன்றைக்கும் கிழக்குக் கரை வழியே நிலத்தடி நீர் ஊறி உள்ளே வருகிறது, மேற்குக் கரை வழியே மண்ணுக்குள் கசிந்து வெளியே போகிறது. மீதி வரவு மழை, மீதி செலவு ஆவியாதல்.

"ஆழம்?"

100 அடிக்குமேல். 1846இல் தோரோ பனி உறைந்த குளத்தின் மேல் நடந்து, துளையிட்டு, கயிற்றில் கல்லைக் கட்டி இறக்கி 102 அடி என்று அளந்தார். இன்றைய கருவிகள் சொல்வதும் ஏறத்தாழ அதேதான். மாசசூசெட்ஸின் இயற்கை ஏரிகளில் இதைவிட ஆழமானது இல்லை. மாமா அந்த எண்ணை நம்பச் சிரமப்பட்டார். "செம்பரம்பாக்கமே முழுக்க நிரம்பினால் 24 அடிதான்" என்றார். வெறும் 61 ஏக்கர் பரப்பில் நூறடி ஆழம் என்பது அவர் பார்த்த எந்தக் கண்மாயின் கணக்கிலும் அடங்கவில்லை.

பிறகு அவர் கேட்டதுதான் என்னை இந்தக் கட்டுரைவரை இழுத்துவந்தது. "அப்படியானால் உள்ளே விழுந்தது எதுவும் வெளியே போகாதே? வருஷத்துக்கு ஒருமுறை கலுங்கு பாய்ந்து அழுக்கை அடித்துக்கொண்டு போகாதே? எப்படி இத்தனை பேரை இறக்குகிறார்கள்?"

கண்மாய் என்பது ஓடும் ஆற்றின் ஒரு நிறுத்தம் என்றுதான் அவர் பழகியிருக்கிறார். ஐப்பசி, கார்த்திகையில் நிரம்பும், கலுங்கு வழிந்து அடுத்த கண்மாய்க்குப் போகும், கோடையில் வற்றி வண்டல் தெரியும், அதை வெட்டி வயலுக்குக் கொண்டுபோவார்கள். வருடத்துக்கு ஒருமுறை கண்மாய் தன்னைத்தானே கழுவிக்கொள்ளும். இங்கே ஒரு வாளித் தண்ணீர் உள்ளே வந்தால் வெளியேறச் சராசரியாக ஐந்து ஆண்டுகள் ஆகும். தண்ணீர் போனாலும் பாஸ்பரஸ் அதோடு போய்விடாது. பெரும்பகுதி அடியில் சேற்றில் படிந்துவிடும். அறிக்கையை அத்தனை தடவை புரட்டியும் எனக்கு உறைக்காதது, மடையைத் தேடி நடந்த ஒரு மனிதரின் முகத்தைப் பார்த்தபோது உறைத்தது. குளிப்பவர்கள் பக்கம் நின்று நான் பேசிய பேச்செல்லாம் ஓடும் தண்ணீருக்கான பேச்சு.

மூன்று மூட்டை

அன்றிரவு சாப்பாட்டு மேசையில் மாமா கணக்குப் போட்டார். அறிக்கையின்படி குளத்துக்கு ஓர் ஆண்டில் வந்து சேரும் மொத்தப் பாஸ்பரஸ் சுமார் 32 கிலோ. இவ்வளவுதானா என்று எனக்குத் தோன்றியிருந்தது. மாமா டி.ஏ.பி. உரக்கணக்கில் யோசிப்பவர். 50 கிலோ மூட்டையில் தனிப் பாஸ்பரஸாகப் பார்த்தால் ஏறக்குறைய 10 கிலோ இருக்கும் என்று தாளில் எழுதிக் காட்டினார். ஆக, குளத்துக்கு வருடம் மூன்று மூட்டை டி.ஏ.பி. அதில் கணிசமான பங்கை மனிதர்கள் கோடை மாதங்களுக்குள் உள்ளே கரைத்துவிடுகிறார்கள். வயலில் போட்டால் நெல் எடுக்கலாம், குளத்தில் போட்டால் பாசி எடுக்கலாம் என்றார்.

பாசி வராமல் இன்னும் காப்பாற்றிக்கொண்டிருப்பதும் ஒரு பாசிதான். நைடெல்லா என்று பெயர். பார்ப்பதற்குப் புல்லைப் போல இருக்கும். இருபது அடிக்குக் கீழே தொடங்கி நாற்பது அடி ஆழம்வரை குளத்தின் தரையில் பச்சைக் கம்பளமாகப் படர்ந்திருக்கிறது. தோரோவின் நாளிலேயே அது இருந்தது. நடுக்குளிர்காலத்தில்கூட நங்கூரத்தில் சிக்கி மேலே வரும் பச்சைக் களையைப் பற்றி அவர் எழுதியிருக்கிறார். இந்த நைடெல்லா சத்துகளை இழுத்து அடியிலேயே வைத்துக்கொள்கிறது. ஆனால் அத்தனை ஆழத்துக்கு வெளிச்சம் போனால்தான் அது பிழைக்கும். மேலே நுண்பாசி பெருகித் தண்ணீர் கலங்கினால் வெளிச்சம் இறங்காது; நைடெல்லா சாகும்; அது பிடித்துவைத்திருந்த சத்தெல்லாம் தண்ணீருக்குத் திரும்பும்; பாசி இன்னும் பெருகும். கெட ஆரம்பித்தால் படிப்படியாகக் கெடாது, ஒரேயடியாகக் கெட்டுவிடும் என்பதுதான் ஆய்வாளர்களின் கவலை.

இன்னொரு சாட்சியம் அடிச்சேற்றில் இருக்கிறது. கர்ட் ஸ்டேஜர் என்ற ஏரி ஆய்வாளரின் குழு குளத்தின் அடியிலிருந்து சேற்றுத் தூண்களை உருவியெடுத்து, 1,800 ஆண்டுக் கதையை 2018இல் வெளியிட்டது. கண்ணாடி ஓடுள்ள டையாட்டம் என்ற நுண்பாசிகள் செத்தபின்னும் ஓடு மிஞ்சும். எந்தக் காலத்தில் எந்த வகை வாழ்ந்தது என்று அடுக்கடுக்காகப் படிக்கலாம். வறட்சியும் மழையும் மாறி மாறி வந்த நூற்றாண்டுகளிலெல்லாம் பெரிதாக அசையாத அந்த அடுக்கு, இருபதாம் நூற்றாண்டில் மாறிவிட்டது. சத்து மிகுந்த நீரை விரும்பும் வகைகள் மேலே வந்துவிட்டன. அந்தக் காலத்தில் குளத்தில் என்ன நடந்தது என்று பார்த்தால் காரணம் தேட வேண்டியதில்லை. மாநிலத்தின் கையேட்டின்படி 1930களின் நடுவில் ஒரே ஞாயிற்றுக்கிழமையில் 25,000 பேர்வரை வந்திருக்கிறார்கள்.

பத்திரத்தில் எழுதியிருப்பது

நண்பர் சொல்வதுபோல் இது ஒருகாலத்தில் தூய்மையாக இருந்து பிறகு குளிக்க வந்தவர்களால் கெட்டது என்ற கதையும் நிற்காது. தோரோ குடியேறியபோதே ரயில் பாதை ஓராண்டு பழையது. அவர் காலத்துக் காட்டில் கோடாரி ஓயவில்லை. இன்றைக்கு நாம் பார்க்கும் மரங்கள் அன்றைவிட அடர்த்தி. 1866இல் ரயில் கம்பெனி மேற்குக் கரையில் ஒரு கேளிக்கைப் பூங்காவே திறந்தது. ஊஞ்சல், படகு, நடன மண்டபம் எல்லாம் இருந்தன. 1902இல் தீப்பிடித்து அழிந்தது. 1968இல் குளத்து மீன்களை மருந்து போட்டுக் கொன்றுவிட்டு, தூண்டில்காரர்களுக்காக ட்ரவுட் மீன்களை விட்டார்கள். நெடுஞ்சாலைக்கு அப்பால் பல ஆண்டுகள் ஊர்க் குப்பைமேடு புகைந்தது.

குளிர்காலத்தையும் விட்டுவைக்கவில்லை. 1846-47 குளிரில் பாஸ்டனின் பனிக்கட்டி வியாபாரி ஃப்ரெடெரிக் டியூடரின் ஆட்கள் வந்து உறைந்த குளத்தை அறுத்து அடுக்கினார்கள். அதே டியூடர் 1842இல் சென்னைக் கடற்கரையில் கட்டிய கிடங்குதான் ஐஸ் ஹவுஸ், இன்றைய விவேகானந்தர் இல்லம். மதராஸ்காரர்களும் கல்கத்தாக்காரர்களும் தன் கிணற்றிலிருந்து குடிக்கிறார்கள் என்று தோரோ எழுதிய வரி நம்மவர்களுக்கு மிகவும் பிடிக்கும். ஊரிலிருந்து வருபவர்களுக்கு நானே பெருமையாகச் சொல்லியிருக்கிறேன். ஆனால் அந்த வருடம் அறுத்த கட்டிகளில் பெரும்பகுதியை வைக்கோல் போர்த்திக் கரையிலேயே குவித்திருந்தார்கள் என்றும், 1848 செப்டம்பர்வரை கிடந்து கரைந்து குளத்துக்கே திரும்பியது என்றும் அவரே பக்கத்தில் எழுதியிருக்கிறார். மடை இல்லாத குளம் கொடுத்ததையும் திரும்ப வாங்கிக்கொண்டது என்று மாமா சிரித்தார்.

1922இல் தோரோவின் நண்பரான எழுத்தாளர் எமர்சனின் குடும்பத்தாரும் ஃபோர்ப்ஸ், ஹேவுட் குடும்பத்தாரும் குளத்தைச் சுற்றிய சுமார் 80 ஏக்கர் நிலத்தை மாநிலத்துக்குத் தானமாக எழுதிக்கொடுத்தார்கள். அந்தப் பத்திரத்தைப் பற்றித்தான் எல்லா வழக்கும். எமர்சனின், தோரோவின் வால்டனைக் காக்க வேண்டும் என்று ஒரு பக்கம் சொல்கிறது. குளத்தையும் காட்டையும் அனுபவிக்க வரும் பொதுமக்களுக்காக என்று சொல்லி, அந்த அனுபவத்துக்கு உதாரணமாகக் குளிப்பது, படகு விடுவது, மீன் பிடிப்பது, கூடி உண்பது என்று வரிசையாகச் சொல்கிறது. வரிசையில் முதலாவது குளிப்பது. இந்த வரியைக் காட்டித்தான் நான் நண்பரின் வாயை அடைத்துவந்தேன்.

ஆனால் பத்திரம் இருந்தும் 1957இல் என்ன நடந்தது? அப்போது குளத்தை நிர்வகித்தது மிடில்செக்ஸ் கவுண்டி என்ற மாவட்ட நிர்வாகம். குளிக்கும் இடத்தைப் பெரிதாக்குகிறோம் என்று ஒரு சரிவில் மரங்களை வெட்டி, புல்டோசர் விட்டு மண்ணைத் தள்ளினார்கள். தடுத்தது யார்? தோரோ கழகத்துக்காரர்கள் ஒரு குழு அமைத்து வழக்குப் போட்டார்கள். இயற்கை நிலையில் காப்பதே பத்திரத்தின் நோக்கம் என்று 1960இல் மாநிலத்தின் உச்ச நீதிமன்றம் அவர்கள் பக்கம் தீர்ப்பளித்தது. 1980களின் இறுதியில் சுற்றியுள்ள காட்டில் அலுவலகக் கட்டடமும் அடுக்குமாடியும் வரவிருந்தபோது, ஈகிள்ஸ் இசைக்குழுவின் டான் ஹென்லி வால்டன் வுட்ஸ் ப்ராஜெக்ட் என்ற அமைப்பை 1990இல் தொடங்கிப் பணம் திரட்டி நிலத்தை வாங்கிக் காத்தார். இரண்டு தடவையும் புத்தகம் படித்தவர்கள்தான் முன்னால் நின்றார்கள். துண்டைத் தோளில் போட்டவர்கள் இல்லை. உடம்பை நனைத்தவனுக்குத்தான் தண்ணீர்மேல் பாசம் வரும், பாசம் வந்தவன் காப்பான் என்று நான் வைத்திருந்த கட்சிக்கு வரலாற்றில் சாட்சி கிடைக்கவில்லை.

குளிப்பவர்கள் திரண்டதும் உண்டு, 2021இல். அந்த ஆண்டு மாநிலத்தில் பல இடங்களில் ஆட்கள் நீரில் மூழ்கி இறந்ததால், ஜூலையில் வால்டனில் கயிறு கட்டிய எல்லைக்கு வெளியே நீந்தக்கூடாது, மீறினால் அபராதம் என்று அறிவித்தார்கள். விடியற்காலை நீச்சல்காரர்கள் கொதித்துவிட்டார்கள். கையெழுத்து இயக்கம், பத்திரிகைச் செய்தி, சட்டமன்ற உறுப்பினர்களுக்குக் கடிதம். சில நாட்களிலேயே அரசு இறங்கிவந்தது. உயிர்காப்பாளர்கள் பணியில் இல்லாத நேரங்களில், பளிச்சென்று தெரியும் மிதவையைக் கட்டிக்கொண்டு நீந்தலாம் என்றார்கள். நானும் அந்த வெற்றியில் மகிழ்ந்தேன். பிறகு யோசித்துப்பார்த்தால் அந்தப் பரபரப்பில் இரு தரப்பும் பேசியது மனிதர்களின் பாதுகாப்பையும் மனிதர்களின் உரிமையையும்தான். குளத்துக்கு என்ன ஆகும் என்று ஒருவரும் வாய் திறந்ததாக எனக்கு நினைவில்லை.

ஊருணியும் கண்மாயும்

மாமாவின் தீர்வு எளிது: மூடிவிட வேண்டும். அவர் ஊரில் ஊருணிக்கு ஒரு சட்டம், கண்மாய்க்கு ஒரு சட்டம். கண்மாயில் மாடு குளிக்கும், மனிதன் குளிப்பான், துணி துவைப்பார்கள். ஊருணியில் யாரும் காலைக்கூட நனைக்க மாட்டார்கள். படியில் நின்று குடத்தை அமுக்கி எடுத்துக்கொண்டு போவார்கள். செருப்போடு இறங்கியவனை ஊரே ஏசும். மடை இல்லாத தண்ணீர் ஊருணி ஜாதி, அதில் இறங்கக்கூடாது என்பது அவர் முடிவு. இங்கிருந்த நாட்களிலெல்லாம் அவர் வால்டனில் கால் நனைக்கவில்லை. பேரப்பிள்ளைகள் கையைப் பிடித்து இழுத்தும் மடக்கு நாற்காலியில் ஷூவோடு உட்கார்ந்திருந்தார். குளத்தோடு கோபித்துக்கொண்டு கால் கழுவாமல் போன ஆள் இவர்தான் என்று என் மனைவி கேலி செய்தாள்.

அவர் சொல்லும் ஊருணி பக்கத்திலேயே இருக்கிறது. வால்டனுக்குக் கிழக்கே சிறிது தொலைவில், லிங்கன் என்ற ஊரில், ஃப்ளின்ட்ஸ் பாண்ட். அந்த ஊருக்குக் குடிநீர் அங்கிருந்துதான் போகிறது, குளிக்கத் தடை. அவரை அங்கேயும் அழைத்துப்போனேன். மரங்களுக்கிடையே பாதையில் நடந்தால் தண்ணீர் விரிந்து கிடந்தது. எதிரே ஒரு மனிதரும் நாயும் வந்ததைத் தவிர ஆள் இல்லை. மாமா கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு திருப்தியாக நின்றார். இப்படி இருக்க வேண்டும் என்றார். எனக்கு அந்த இடத்தில் இருப்புக்கொள்ளவில்லை. பக்கத்துக் குளத்தில் ஆயிரம் பேர் நெரிவதால்தானே இது இப்படிக் காலியாக இருக்க முடிகிறது? ஏர்கண்டிஷனர் இல்லாத வாடகை வீடுகளிலிருந்து ஐஸ்பெட்டியைத் தூக்கிக்கொண்டு வரும் குடும்பங்களை வால்டனிலும் நிறுத்திவிட்டால் அவர்கள் எங்கே போவார்கள்? சொந்த நீச்சல்குளம் வைத்திருப்பவர்களுக்கு வால்டனை மூடுவது ஒரு நல்ல செய்தி மட்டுமே. இந்த இடத்தில் மாமாவோடு எனக்கு உடன்பாடு இல்லை, இன்றுவரை.

ஆனால் அவர் முதல் நாள் வாசலில் மலர்ந்தாரே, அது சரி என்று இப்போது தோன்றுகிறது. மாநிலம் 1975இல் கவுண்டியிடமிருந்து குளத்தை எடுத்துக்கொண்ட பிறகு செய்த காரியங்களில், எல்லாரும் திட்டும் அந்த 1,000 பேர் வரம்புதான் குளத்துக்கு உண்மையில் உதவியது என்று நினைக்கிறேன். தோரோவின் பெயரைச் சொல்லிப் பக்தியை வளர்ப்பதால் ஒரு கிராம் பாஸ்பரஸ்கூடக் குறையாது. 25,000 பேர் 1,000 பேரானால் குறையும். கழிப்பறை நடக்கிற தூரத்தில் இருந்தால் குறையும். மேற்குக் கரையில், ரயில் பாதைப் பக்கத்துக் குடாக்களில், நான் இதுவரை ஒன்றையும் பார்த்ததில்லை. அங்கே துண்டு விரித்திருப்பவர் மேட்டுக் கழிப்பறைக்கு அரை மணி நேரம் நடந்துபோவார் என்று நம்ப எனக்கு வயது கடந்துவிட்டது. நாய்க்குத் தடை, காற்றடைத்த விளையாட்டு மிதவைக்குத் தடை, கரி அடுப்புக்குத் தடை என்று பலகையில் எழுதியிருக்கிறார்கள். நாய் உள்ளே வந்திருந்தால்கூட ஏதாவது ஒரு மரத்தடிக்குப் போயிருக்கும்.

மாமா ஊருக்குத் திரும்பிவிட்டார். தொலைபேசியில் பேரப்பிள்ளைகளை விசாரித்து முடித்ததும் குளத்தை விசாரிப்பார்: நீர்மட்டம் ஏறியிருக்கிறதா, அடிமணல் தெரிகிறதா, சனி ஞாயிறில் வாசலை மூடுகிறார்களா. போன வாரம் பேசும்போது, இங்கே வெயில் இப்போதெல்லாம் மே மாதமே தொடங்கி செப்டம்பர்வரை இழுக்கிறது, தண்ணீரும் சீக்கிரம் சூடாகிறது என்றேன். அப்படியானால் அந்த ஆயிரம் பழைய கணக்கு, குறைக்க வேண்டும் என்றார். எவ்வளவு என்றேன். எழுநூறு என்று வைத்துக்கொள்ளுங்கள் என்றவர், சற்று நிறுத்தி, வெளியே நிற்கப்போகும் அந்த முந்நூறு பேரில் ஒருவராக இருக்க உங்களுக்குச் சம்மதமா, மாப்பிள்ளை என்று கேட்டார். ஞாயிற்றுக்கிழமை என்றால் சம்மதம், வாரநாள் காலை ஆறு மணி என்றால் பேச்சே இல்லை என்றேன். ஆறு மணிக்குக் கழிப்பறை திறந்திருக்குமா என்று விசாரித்துவைக்கச் சொன்னார்.